நொய்யலின் உப்பும் மின்சாரக் கணக்கும்



வெள்ளியங்கிரி மலைச்சாரலில் பிறந்து, கோயம்புத்தூரையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்திலே காவிரியோடு கலக்கின்ற நொய்யல் ஆற்றைப் பற்றியும், அதன் கரையில் வளர்ந்த சாயத்தொழிலைச் சட்டம் நெறிப்படுத்த முயன்ற வரலாற்றைப் பற்றியும் இன்று சிறிது விரிவாகப் பேச விரும்புகிறேன்.

பனியன் துணி சாயத்தொட்டியில் சுழன்றுகொண்டிருக்கும்போது, சாயம் நீரைவிட்டு நூலில் சென்று பற்றுவதற்காக மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டுவார்கள். பின்பு சோடா உப்பும் சேரும். அந்த உப்பு துணியில் தங்குவதில்லை. தன் காரியம் முடிந்தவுடன் கழிவுநீரோடு வெளியேறிவிடும். சுண்ணாம்பும் அன்னபேதியும் இட்டு அந்த நீரைத் தெளியவைத்தால் நிறம் மறைந்து, பார்வைக்கு நல்ல நீர் போலவே தோன்றும். கரைந்திருக்கும் உப்போ சற்றும் குறைவதில்லை. 1990களில் திருப்பூரில் எழுந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெரும்பாலும் இந்த முறையையே கைக்கொண்டமையால், நிறம் நீங்கிய உப்புநீர் ஆற்றில் ஓடிற்று. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாக மாறி, அந்த அணையின் நீர் எங்கள் வயலுக்கு வேண்டாம் என்று, நீருக்காக ஏங்கும் கொங்குநாட்டு விவசாயியே சொல்லும்படியான துர்ப்பாக்கியம் நேர்ந்தது.

ஆயக்கட்டு விவசாயிகள் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினார்கள். மாசு விளைவித்தவரே அதன் பரிகாரச் செலவையும் ஏற்க வேண்டும் என்ற தத்துவத்தை, வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகளின் வழக்கில் 1996ஆம் ஆண்டிலேயே உச்சநீதிமன்றம் இந்நாட்டுச் சட்டத்தின் அங்கமென்று நிலைநாட்டியிருந்தது. அதைப் பின்பற்றி 2006 டிசம்பரில் உயர்நீதிமன்றம், வெளியேறும் கழிவுநீருக்கு லிட்டருக்கு 6 காசில் தொடங்கி 10 காசு வரை ஏறிச்செல்லும் அபராதத்தை விதித்து, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே செல்லலாகாது என்ற நிலையை எய்துமாறு பணித்தது. 2009 அக்டோபரில் உச்சநீதிமன்றமும் அதே கருத்தை உறுதிப்படுத்தி, மேலும் மூன்று மாத அவகாசம் அளித்தது. அவகாசம் முடிந்த பின்னும் ஆறு தெளியவில்லை. 2011 ஜனவரி 28ஆம் தேதி, சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடி, அவற்றின் மின் இணைப்பைத் துண்டிக்குமாறு உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது.

மின் இணைப்பைத் துண்டிக்க ஏன் சொன்னார்கள் என்பது ஆழ்ந்து கவனிக்கத்தக்கது. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தில் 1988இல் சேர்க்கப்பட்ட 33-ஏ என்னும் பிரிவு, ஆலையை மூடவும், அதற்குரிய மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தவும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அதிகாரம் தருகிறது. வழக்குத் தொடுத்துத் தண்டனை பெற்றுத் தருவதற்குள் ஆண்டுகள் பல கழிந்துவிடும். மின் இணைப்பைத் துண்டித்தாலோ அன்றே இயந்திரம் நிற்கும். ஆகவே சட்டத்தின் கையிலுள்ள ஆயுதங்களுள் கூர்மையானது இதுவே என்பது என் துணிபு.

அதே மின்சாரம்தான் பரிகாரத்துக்கும் வேண்டியிருக்கிறது. கரைந்த உப்பை நீரிலிருந்து பிரிப்பதற்குச் சவ்வுகளின் வழியே பெரும் அழுத்தத்தில் நீரைச் செலுத்தும் பம்புகள் இரவும் பகலும் ஓடவேண்டும்; அவற்றால் பிரிக்கமுடியாத கடும் உப்புநீரை ஆவியாக்க நீராவி வேண்டும்; நீராவிக்குக் கொதிகலனில் விறகு எரியவேண்டும். இவ்வளவுக்கும் பிறகு நல்ல நீர் சாயத்தொட்டிக்கே திரும்புகிறது. மீண்டும் பயன்படுத்தத்தக்க உப்பு ஒரு பகுதி கிடைக்கிறது. எதற்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டைகளாகக் கிடங்கில் குவிகிறது. சாயப்பட்டறைக்காரரோ பெரும்பாலும் கூலிக்குச் சாயம் ஏற்றுபவர். துணியும் அவருடையதன்று, விலையை நிர்ணயிக்கும் சக்தியும் அவரிடத்தில் இல்லை. மின் கட்டணம் ஏறும் மாதத்தில் ஆவியாக்கும் இயந்திரத்தைச் சற்றே நிறுத்திவைத்து, மழை பெய்யும் இரவில் மதகைத் திறந்துவிடும் சபலம் எங்கே பிறக்கிறது என்று கேட்டால், இந்தக் கட்டணச் சீட்டிலேதான் பிறக்கிறது என்பேன்.

இந்தச் சபலத்தைத் தணிக்கும் ஒரு வழியை எரிசக்திச் சட்டமே திறந்திருக்கிறது. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டமும் 2005ஆம் ஆண்டின் விதிகளும், பலர் கூடி ஒரு காற்றாலையில் 26 சதவீதத்துக்குக் குறையாத பங்கு வைத்து, அதில் விளையும் மின்சாரத்தில் 51 சதவீதத்துக்குக் குறையாமல் தாங்களே பயன்படுத்தினால், அதைச் சொந்த உற்பத்தியாகவே ஏற்றுக்கொள்கின்றன. ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் ஆடிக்காற்று திருப்பூரின் உப்புநீரைத் தெளியவைக்கலாம் என்பது இதன் பொருள். ஆனால் காற்றோ பருவத்துக்குரியது; உப்போ ஆண்டு முழுதும் வருவது. காற்று மிகுந்த மாதங்களில் விளைந்ததை வரவுவைத்துப் பிற மாதங்களில் எடுத்துக்கொள்ளும் சலுகை சுருங்கினால், அதன் பாரம் கடைசியில் ஆற்றின்மேல்தான் வந்து விழும். கட்டண விகிதங்களை விசாரிக்கும் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் நூற்பாலைகளும் ஏற்றுமதியாளரும் வாதாடுவது போலவே நொய்யலின் சார்பிலும் ஒருவர் வாதாட வேண்டுமென்று நான் மனமார விரும்புகிறேன்.

2024ஆம் ஆண்டில் பாராளுமன்றம் நீர் மாசுச் சட்டத்தைத் திருத்தி, பல குற்றங்களுக்கு விதிக்கப்பட்டிருந்த சிறைத்தண்டனைக்குப் பதிலாக 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் ரூபாய் வரை அபராதத்தை வகுத்திருக்கிறது. தண்ணீர் மாநிலங்களின் அதிகாரத்துக்குட்பட்டதாகையால், எந்த மாநிலச் சட்டமன்றம் தீர்மானித்து ஏற்கிறதோ அந்த மாநிலத்தில்தான் இத்திருத்தம் நடைமுறைக்கு வரும். தொழில் செய்வோரைச் சிறைப் பயத்திலிருந்து விடுவிப்பதை நான் ஆட்சேபிக்கவில்லை. எனினும் அபராதத்தை நிர்ணயிக்கும் அதிகாரி, கழிவுநீரை அளப்பதோடு நில்லாமல், அந்தப் பட்டறையின் மின்மானியையும் விறகுக் கணக்கையும் வரவழைத்துப் பார்த்து, இயந்திரத்தை நிறுத்திவைத்த நாட்களில் எவ்வளவு மிச்சமாயிற்று என்பதைக் கணக்கிட்டு, அந்தத் தொகைக்குக் குறையாமல் விதிக்க வேண்டும். மிச்சமான தொகை 15 லட்சத்தையும் தாண்டுமானால், தாமதமின்றி 33-ஏ பிரிவைப் பிரயோகிக்க வாரியம் முன்வர வேண்டும்.