உழைத்த ஆண்டுகளும் உரிமையும்: இரங்கூன் தமிழர் வரலாறு தரும் பாடம்

(புலம்பெயர் தமிழ்ப் பெற்றோருக்காகவும் இளையோருக்காகவும் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2025 ஆம் ஆண்டு சூலை மாதத்தில் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் என்னும் பெரும் கணினி நிறுவனம், தன் பணியாளருள் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000 பேருக்கு மேற்பட்டோரை, விடுவிக்கப் போவதாக அறிவித்தது. இடைநிலையிலும் மேல்நிலையிலும் உள்ளோரே பெரிதும் பாதிக்கப்படுவர் என்றும் கூறியது. நெடுங்காலம் உழைத்துப் படிப்படியாக உயர்ந்தவர்களின் தலையிலேயே இடி விழுந்தது. அமெரிக்காவில் எச்-1பி விசாவில் பணிபுரியும் தமிழருக்கோ துன்பம் இரட்டிப்பு. வேலை போனால், பொதுவாக 60 நாட்களுக்குள் வேறு வேலை தேட வேண்டும். இல்லையேல் நாட்டை விட்டே வெளியேற வேண்டும்.

"இத்தனை ஆண்டுகள் உழைத்தேனே, அதற்கு மதிப்பில்லையா?" இன்று பல தமிழ் இல்லங்களில் எழும் இக்கேள்வி புதியதன்று. அறுபது ஆண்டுகளுக்கு முன்னர், இன்று யாங்கோன் எனப்படும் இரங்கூன் மாநகரில், பல்லாயிரம் தமிழர் இதே கேள்வியைக் கேட்டனர். அவர்களுக்குக் கிடைத்த விடை கசப்பானது.

இரங்கூன் என்னும் வேலைக்களம்

1931 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, ஏறத்தாழ நான்கு இலட்சம் மக்கள் வாழ்ந்த இரங்கூனில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர். துறைமுகம், தொடர்வண்டி, அஞ்சல், தந்தி, அரிசி ஆலை, வங்கி என எத்துறையிலும் அவர்கள் உழைத்தனர். 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கப்பட்டபோது, காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கதவு திறந்தது. தமிழரின் பொருளியல் வாழ்வில் இரங்கூன் எத்தகைய இடத்தைப் பெற்றிருந்தது என்பதற்கு இதுவே சான்று. இன்று கணினி நிறுவனத்தில் வேலை என்றால் என்ன மதிப்போ, அன்று இரங்கூன் வேலைக்கு அம்மதிப்பு இருந்தது.

1941 டிசம்பரில் சப்பானியக் குண்டுகள் விழுந்தன. இலட்சக்கணக்கானோர் இந்தியாவை நோக்கி ஓடினர். காட்டு வழிகளில் பல்லாயிரவர் மடிந்தனர். எனினும், போர் முடிந்ததும் பலர் மீண்டும் அதே வேலைக்குத் திரும்பினர். அந்த நகரம் தம்முடையது என்றே அவர்கள் நம்பினர்.

ஏட்டில் இல்லாத உறவு

1948 சனவரி 4 அன்று பர்மா விடுதலை பெற்றது. குறிப்பிட்ட காலம் அந்நாட்டில் வாழ்ந்த இந்தியர், விண்ணப்பித்துக் குடியுரிமை பெற அன்றைய சட்டம் வழி திறந்திருந்தது. பலர் விண்ணப்பிக்கவில்லை. என்றேனும் ஊருக்குத் திரும்புவோம் என்ற எண்ணம் சிலருக்கு. சட்டம் தெரியாமை சிலருக்கு. விண்ணப்பித்தும் முடிவு வராமல் காத்திருந்தோரும் உண்டு. இவ்வாறு அந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் ஏட்டின்படி அயலாராயினர். உழைப்பால் வேரூன்றியவர்கள் சட்டத்தால் வேரற்றிருந்தனர்.

1962 மார்ச் 2 அன்று தளபதி நெ வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1963 பிப்ரவரி 23 அன்று வங்கிகள் அனைத்தும் நாட்டுடைமையாயின. 1964 மார்ச் 19 அன்று இரங்கூன் கடைகளுக்கும் அதே நிலை. அதே ஆண்டு மே 17 அன்று 50, 100 கியாட் தாள்கள் செல்லாதென அறிவிக்கப்பட்டன. வேலையோடு சேமிப்பும் போயிற்று. சுமார் மூன்று இலட்சம் இந்தியர் அந்நாட்டை விட்டு வெளியேறினர்.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் தகாது. 1930களின் பொருளியல் வீழ்ச்சியின்போது, கீழ்ப்பர்மாவின் முதன்மை நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால் பங்கு நிலம் வட்டிக் கடனுக்காகச் செட்டியார் நிறுவனங்களின் கைக்குச் சென்றது. நிலமிழந்த பர்மிய உழவரின் சினத்திற்குக் காரணம் இருந்தது. ஆனால் அச்சினத்தின் விலையைச் செலுத்தியவருள் நிலமே இல்லாத எழுத்தரும் கடைச் சிற்றாளும் அடங்குவர். முதலாளி இழந்ததற்குக் கணக்கேடு இருந்தது. கணக்குப்பிள்ளை இழந்த ஆண்டுகளுக்கு எந்த ஏட்டிலும் கணக்கில்லை.

கப்பலில் சென்னை வந்திறங்கியோர் தமிழகத்தின் பல ஊர்களில் பர்மா காலனிகளில் குடியேறினர். 1969 இல் சென்னைத் துறைமுகத்தின் அருகே பர்மா பசார் உருவாயிற்று. தரைவழியாகப் பர்மாவுக்கே திரும்ப முயன்று எல்லையில் தடுக்கப்பட்டவர்கள் மணிப்பூரின் மோரே ஊரில் தங்கினர்; அங்கே இன்றும் தமிழ்ச் சங்கம் இயங்குகின்றது. அவர்களை மீண்டும் நிமிர வைத்தது பழைய முதலாளியன்று. ஒருவருக்கொருவர் கொடுத்த கையே.

இன்றைக்கு உரியவை

பெற்றோரே, இளையோரே! பணிக்காலம் எவ்வளவு நீண்டதாயினும் அது தானாக உரிமையாகிவிடாது. உரிமை என்பது சட்டத்திலும் ஏட்டிலும் கூட்டு வலிமையிலும் நிற்பது. இதுவே இரங்கூன் உணர்த்தும் பாடம்.

முதலாவது, ஆவணம். பணி ஆணை, ஊதியச் சீட்டு, வைப்புநிதிக் கணக்கு, விசா, வதிவுரிமைத் தாள்கள் ஆகியவற்றின் படிகள் வீட்டில் இருத்தல் வேண்டும். குடியுரிமை பெறும் வாய்ப்பு வருங்கால், "ஒருநாள் ஊர் திரும்புவோம்" என்ற நினைப்பிலேயே அதனைக் கைநழுவ விடுதல் கூடாது. நன்மை தீமைகளைக் குடும்பமாகக் கூடி ஆராய்ந்து முடிவெடுக்க வேண்டும்.

இரண்டாவது, சட்ட அறிவு. இந்தியச் சட்டத்தின்படி தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருவோருக்கு, ஓராண்டு தொடர்ந்து பணியாற்றியிருப்பின், ஆட்குறைப்பின்போது ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான ஊதியமோ உண்டு. நிறைவுற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் உண்டு. மேலாளர் பொறுப்பில் இருப்போர் அவ்வரையறைக்குள் வாரார். பதவி உயர உயரக் காப்பு குறைவதைப் பலர் வேலை போகும் நாளிலேதான் அறிகின்றனர். விலகல் கடிதத்தில் ஒப்பமிடுமாறு வற்புறுத்தப்பட்டால், உடனே ஒப்பமிடாது சட்டம் அறிந்தவரைக் கலந்தாலோசித்தல் நன்று.

மூன்றாவது, உறவு. 1930 மே மாதத்தில் இரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, முதலாளிகள் பர்மியரை வேலைக்கு அழைத்தனர். நிறுத்தம் முடிந்ததும் பர்மியரைத் திருப்பியனுப்பினர். அதனால் மூண்ட கலவரத்தில் ஏழைகளே ஏழைகளைக் கொன்றனர். வாழும் நாட்டின் மொழியைக் கற்று, அந்நாட்டுத் தொழிலாளரோடு ஒரே சங்கத்தில் நிற்பவரைப் பிரிப்பது எளிதன்று.

இளையோருக்கு இறுதியாக ஒன்று. தந்தையோ தாயோ வேலையிழந்தால் அது அவர்தம் திறமைக் குறைவன்று. அதில் வெட்கமும் இல்லை. பெற்றோரும் அதனைப் பிள்ளைகளிடம் மறைத்தல் வேண்டா. இரங்கூனிலிருந்து வெறுங்கையோடு வந்தவர்களின் பிள்ளைகள் படித்தனர், உழைத்தனர், உயர்ந்தனர். துன்பத்தைக் குடும்பம் ஒன்றாகச் சுமந்தமையே அதற்கு அடிப்படை.