பாரிசவாயுவும் இல்லத்தார் கடமையும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்திற் செய்த பிரசங்கம்)

பாரிசவாயு கண்டவருக்கு அன்னம் ஊட்டுவதும் சட்டை மாட்டுவதுமே அன்பென்று நாம் எண்ணியிருக்கிறோம். புழங்காத கையை மூளையும் மறந்துவிடும் என்பதை நாம் சிந்தித்தோமில்லை. எட்வர்டு டவுப் என்னும் அமெரிக்க மனோதத்துவ சாஸ்திரி இதனை ஆராய்ந்து, நல்ல கைக்கு உறையிட்டு, தளர்ந்த கையையே வேலை செய்யப் பழக்கும் முறையை வகுத்தார்.

நோய் கண்டு 3 முதல் 9 மாதங்களான 222 பேரைக்கொண்டு செய்த பரீட்சை 2006-ஆம் வருஷத்தில் வெளியாயிற்று. இரண்டு வாரம் இவ்விதம் பழகினோரின் கை, ஓராண்டு சென்ற பின்னும், வழக்கமான சிகிச்சை பெற்றோரினும் மேம்பட்டிருந்தது. மணிக்கட்டும் விரல்களும் சிறிதேனும் அசைபவர்க்கே இம்முறை பொருந்தும். வைத்தியரைக் கேட்டே தொடங்கவேண்டும்.

ஆகவே, நம் இல்லத்துப் பெரியவர் சோறு பிசையத் தடுமாறுங்கால், ஓடிச்சென்று ஊட்டாது சற்றே பொறுத்திருப்போமாக. சிந்திய சோற்றைத் துடைத்துவிடலாம். மறந்த கையை மீட்பது அரிது.