வானத்து வித்தையும் தரையின் கடமையும்

விமானம் வானில் கரணமடிப்பதைக் காண விரும்பாதவர் நம்மில் எவர்? இவ்விருப்பம் சென்னைக்குப் புதிதன்று. 1910-ஆம் ஆண்டிலேயே டி ஏஞ்செலிஸ் என்னும் விடுதி உரிமையாளர், சிம்சன் நிறுவனத்தார் உருவாக்கிய விமானத்தில் அந்நகரில் பறந்து காட்டினார். காண வந்தோரிடம் கட்டணமும் பெற்றார்.

இன்று பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால், சூலூரைத் தளமாகக் கொண்ட 'சாரங்' ஹெலிகாப்டர் அணி, பெயருக்கேற்ப மயிலென வானில் ஆடுகிறது. 2024 அக்டோபர் 6-ஆம் நாள், விமானப்படையின் 92-ஆம் ஆண்டு விழாவையொட்டி, இவ்வணியும் 'சூர்யகிரண்' அணியும் மெரினாவில் பறந்தன. சுமார் 15 லட்சம் மக்கள் திரண்டதாக மதிப்பிடப்பட்டது. வானில் ஒரு குறையும் நேரவில்லை. தரையிலோ கடும் வெயிலிலும் நெரிசலிலும் சிக்கியவர்களுள் ஐவர் மாண்டனர்.

விமானிகள் ஒவ்வோர் அசைவையும் பன்முறை பயின்ற பின்னரே மக்கள் முன் பறக்கின்றனர். நிழலுக்கும் குடிநீருக்கும் வெளியேறும் வழிக்கும் அத்தகைய ஒத்திகை வேண்டாமா? விருந்தினரை வாயில்வரை சென்று வழியனுப்புவது நம் மரபு. மக்களை 'வருக' என்று அழைப்போர், அவர்கள் நலமாக வீடு திரும்பவும் வழி செய்தல் வேண்டும். அதுவே விழாவின் நிறைவாகும்.