நூலின் எடைக்குச் சாயம்

ஐயம்பேட்டையில் பட்டுக்குச் சாயமேற்றுகிறவரைக் கேளுங்கள்; நூலின் எடைக்குத்தான் சாயம் என்பார். மிகுந்தால் நிறம் கூடாது. சாயந்தான் தண்ணீரோடு போகும். சிடி ஸ்கேன் கதிரும் அவ்விதமே. படம் தெளிவதற்கு வேண்டியதற்கு மேற்பட்ட கதிர் வைத்தியருக்குப் புதிதாக ஒன்றையும் காட்டுவதில்லை; தேகத்துக்குத்தான் வீண் சுமை.

அந்தக் கதிரை அளப்பது எப்படி? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி நிபுணர்கள், தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட சிடி கருவிகளைச் சோதித்து, 2011-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். இத்தகைய சோதனையில் மனிதரைக் கிடத்துவதில்லை. கனத்த அக்ரிலிக் உருளையொன்றை வைத்து, அதன் துளையில் மெல்லிய அளவுமானியைச் செருகுவார்கள். நான்கில் மூன்று கருவிகள் எந்த அளவுக்குள் அடங்குகின்றனவோ, அதையே ஒப்பீட்டு அளவாகக் கொள்வது உலக வழக்கம். அதைத் தாண்டுகிற கருவியை, ஏன் தாண்டுகிறதென்று விசாரிக்க வேண்டும். அபராதம் போடுவதற்கல்ல, சீர்செய்வதற்கு.

குழந்தைக்குப் பெரியவருக்குரிய கதிர் வேண்டியதே இல்லை. ஆகவே குழந்தையின் வயதையும் எடையையும் ஸ்கேன் எடுப்பவரிடம் தவறாமல் சொல்லுங்கள். அவசியமான ஸ்கேனுக்கு அஞ்சி வீட்டிலேயே இருந்துவிடுவது பெரிய அபாயம். அப்படி இருந்துவிடும்படி நான் சொல்லவில்லை. பழைய ஸ்கேன் படம் பீரோவில் இருந்தால், கையோடு எடுத்துப் போங்கள். சில வேளை இன்னொரு ஸ்கேனே தேவைப்படாது.