இடம் மறுக்கப்படும் நொடி

(ஏர்வாடியில் நிகழ்ந்த அறிவியற்பொழிவு)



இவ் ஏர்வாடிக் கரையினின்று வள்ளம் செலுத்துவோர் நன்கறிவர்: வலை நிறைந்து வரும்பொழுது பெட்டியில் இடம் இருத்தல் வேண்டும். நடுக்கடலில் நின்று கரைக்கு ஆள்விட்டுப் பெட்டி கேட்க இயலாது. கணிப்பொறிக்குள்ளும் இந்நிலை நேர்கின்றது.

பொறியோடு இணைந்த ஒவ்வொரு கருவியையும் நடத்தும் நிரலுக்குக் கருவி இயக்கி என்று பெயர். ('சாதனம்' என்னும் வடசொல் எதற்கு? கருவி நம் சொல்லன்றோ!) கருவி கொணரும் செய்தியை வைக்க, இயக்கி நினைவகத்தில் இடம் கேட்கும். இடமிருந்தால் இயங்குதளம் அதன் முகவரியைத் தரும். இல்லையேல் வெறுமையையே தரும். அவ்வெறுமையை இடமென்று நம்பி எழுதப் புகும் இயக்கி, தான் மட்டும் வீழ்வதில்லை. கருவகத்துள் இயங்குவதால் பொறி முழுவதையும் வீழ்த்திவிடக்கூடும்.

இடம் இருந்தும் மறுக்கப்படுவதுண்டு. பெட்டிகளுக்கிடையே சந்து சந்தாக இடம் கிடந்தால், அகன்ற திருக்கையை எங்கே கிடத்துவது? நெடுநாள் ஓடிய பொறியின் நினைவகமும் அவ்வாறே துண்டுபட்டுக் கிடக்கும்.

இயக்கி நான்கு இடங்கள் கேட்டு மூன்றைப் பெற்ற பின் நான்காவது மறுக்கப்பட்டால், பெற்ற மூன்றையும் ஒழுங்காகத் திருப்பித் தருதல் வேண்டும். அப்பகுதியே பெரும்பாலும் பிழைபட எழுதப்படுகின்றது. கரணியம் எளிது: அஃது ஓடிப் பார்த்ததே இல்லை.

இலினக்சு இயங்குதளத்தில் இது 2014 திசம்பரில் பெரும் வழக்காயிற்று. எட்டுப் பக்கங்கள், அஃதாவது 32 கிலோபைட்டு வரையிலான, காத்திருக்கக்கூடிய வேண்டுகோள்களைக் கருவகம் ஏறத்தாழ மறுப்பதேயில்லை. வேறு நிரல் ஒன்றைக் கொன்றேனும் இடம் தேடும். ஆனால் கொல்லப்பட வேண்டிய நிரலோ, இடம் கேட்டு நிற்பவன் கையிலுள்ள பூட்டுக்காகக் காத்திருந்தால்? இருவரும் அசையார். மறுத்துவிடலாமென்றாலோ, ஓடிப் பாராத பகுதிகள் ஆயிரக்கணக்கில் விழித்துக்கொள்ளும். இதற்கெனவே 2007இல் வெளிவந்த 2.6.20ஆம் பதிப்பிலிருந்து, வேண்டுமென்றே இடம் மறுத்து இயக்கியை ஆய்ந்து பார்க்கும் ஏந்து அதில் உள்ளது.

காத்திருக்க முடியாத இயக்கிகளின் நிலை வேறு. வலையமைப்பு இயக்கி, இடம் கிடைக்காவிடில் வந்த செய்திப்பொதியை விட்டுவிடும். பல வழக்குகளில் அனுப்பியவர் மீண்டும் அனுப்புவர்.

திருவள்ளுவர் ஆண்டு 2000, அஃதாவது 1969 சூலை 20. அப்பொல்லோ 11 நிலவில் இறங்குகையில் 1202 என்னும் இடர்க்குறி எழுந்தது. தேவையற்ற ஒரு கதிரளவிக் கருவியின் குறிகள் பொறியின் பொழுதைத் தின்றன, பணிகள் முடியாமல் தேங்கின, புதுப்பணிக்கு இடமில்லை. அழித்தெழுதும் நினைவகம் 2,048 சொற்களே. ஆயினும் மறுப்பு வருமென்று முன்பே எண்ணி எழுதியிருந்தனர். பொறி தன்னைத்தான் மீளத் தொடங்கி, சிறுபணிகளை விடுத்து, இறக்கும் பணியை மட்டும் தொடர்ந்தது. ஆம்சுத்திராங்கும் ஆல்திரினும் நிலவில் இறங்கினர்.