புகாரைக் கேட்கப்போவது யார்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு கம்பெனி வேனில் போய்வரும் பெண்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். சூப்பர்வைசர் தோளில் கை வைத்தால் யாரிடம் சொல்வீர்கள் என்று கேட்டேன். "கான்ட்ராக்டர்கிட்ட" என்றீர்கள். அவர்கள் இருவரும் ஒன்றாக டீ குடிக்கிறவர்கள்.

2021 ஜனவரியில், திண்டுக்கல் பகுதி ஆடை ஆலையில் வேலை செய்த தலித் பெண் ஜெயஸ்ரீ கதிரவேல் கொல்லப்பட்டார். வயது 20. கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். அவர் மாதக்கணக்கில் தொல்லை கொடுத்ததாகக் குடும்பத்தினர் சொன்னார்கள். தலித் பெண்கள் தலைமையிலான டி.டி.சி.யூ. சங்கம் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தத்தைப் பெற்றது. அதன்படி, சங்கம் பயிற்சி கொடுத்த தொழிலாளிப் பெண்களே தையல் லைனில் கண்காணித்தார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்றும் அதில் இருந்தது. எனக்குப் பிடித்தது வேறு: அங்கே வசவுச் சொல்லும் புகாராகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. கை நீளும்வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

உங்களுக்கு அந்த ஒப்பந்தம் இல்லை; 2013 சட்டம் இருக்கிறது. 10 பேர் வேலை செய்தாலே உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். ஒப்பந்தத் தொழிலாளருக்கும் பொருந்தும். முதலாளி மீதே புகார் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு. 3 மாதத்துக்குள் எழுதிக் கொடுங்கள்.

சரி, நம் வாசிப்பு வட்டத்தில் ஒரு தோழர் மீதே புகார் வந்தால்? "இயக்கத்துக்குக் கெட்ட பேர்" என்று முணுமுணுக்கிறார்கள். ஆதிக்கச் சாதிப் பஞ்சாயத்து "ஊர் மானம்" என்று சொல்வதும் இதைத்தானே?

இன்றே இரண்டு பெண்களைத் தேர்ந்தெடுங்கள். பொறுப்பாளர்கள் யாரும் வேண்டாம். நீங்கள் பேசி முடிக்கும்வரை நானும் மற்ற ஆண் தோழர்களும் வெளியே நிற்கிறோம்.