திருகோணமலைக் கரையிற் சில சிக்கல்கள்



சிக்கல் என்ற சொல்லைக் கேட்டவுடன் கடன், வழக்கு, காணித் தகராறு என்பன நினைவுக்கு வருதல் இயல்பு. இன்று நான் பேசக் கருதியிருப்பது அவற்றைப் பற்றி அன்று. கண்ணாற் காணவும் கையால் தொடவும் கூடிய சிக்கல்களைப் பற்றியே பேசப்போகிறேன். மரத்தின் வேர், மணலிற் படரும் கொடி, மீனவரின் வலை, தோணியின் கயிறு, கடலடியிற் கிளைக்கும் பவளம் ஆகியவை பின்னியும் முறுகியும் கிடக்கும் கோலத்தைப் புகைப்படத்தில் எங்ஙனம் அமைப்பது என்பதே பொருள். பார்க்கவேண்டிய ஒன்றைக் கேட்பவருக்குச் சொல்ல முற்படுவது விந்தையாகத் தோன்றலாம். வானொலியிற் சமையற் குறிப்புச் சொல்வோரும் யாருடைய பசியையும் தீர்ப்பதில்லை. ஆயினும் அடுப்பை மூட்டும் எண்ணத்தை உண்டாக்கிவிடுகிறார்கள். அவ்வளவு முடிந்தால் எனக்கும் போதும்.

இப்பொருளுக்குத் திருகோணமலையைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. இலங்கையின் கீழ்க்கரையில் நிலமும் நீரும் இவ்வளவு நெருங்கிப் பின்னிய இடம் வேறொன்றைக் காண்பது அரிது. சுவாமிமலை கடலுக்குள் நீண்டு நிற்க, அதன் இருமருங்கிலும் குடாக்கள் வளைந்து கிடக்கின்றன. மேற்கே மலைகள் காவலிருக்கும் உட்துறைமுகம். தெற்கே கொட்டியாரக் குடா. மலைநாட்டிற் பிறந்து 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கங்கை மூதூரை அண்டி அந்தக் குடாவிலேதான் கடலைக் காண்கிறது. அதற்கு மேற்கே தம்பலகாமக் குடாவின் ஓரங்களிற் கண்டற்காடு. ஆற்று வண்டலும் கடலுப்பும் சந்திக்கும் இடத்தில் வேருக்கும் வலைக்கும் குறைவேது?

கண்ணுக்கும் கமராவுக்கும் உள்ள வேற்றுமையை முதலிற் சொல்லிவிட வேண்டும். கண், தனக்கு வேண்டியதை மாத்திரம் பற்றிக்கொண்டு ஏனையவற்றைத் தள்ளிவிடும். புதருக்குள் இருக்கும் குருவியைப் பார்க்கும்போது, அதன் முன்னே நிற்கும் நூறு சுள்ளிகள் நம் கருத்திற் படுவதில்லை. கமராவின் வில்லையோ குருவிக்கும் சுள்ளிக்கும் ஒரே மரியாதையைக் கொடுக்கிறது. நேரில் வியந்து நின்ற வேர்க்கூட்டம் படத்திற் குப்பைக் குவியலாக மாறிவிடுவது இதனாலேயே.

இதற்குப் பரிகாரம் தேடியவர்களுள் அமெரிக்கரான எட்வேட் வெஸ்ரன் என்பவர் ஒருவர். கலிபோர்ணியாவில் பொயின்ற் லோபோஸ் என்னும் கடலோரத்தில், கரையொதுங்கிய பெருங் கடற்பாசிச் சுருள்களையும் சைப்பிரசு மரங்களின் முறுகிய வேர்களையும் அவர் படமெடுத்தார். 1932ஆம் ஆண்டில் அவரும் நண்பர்களும் அமைத்த குழு, கமராவின் மிகச் சிறிய துவாரங்களுள் ஒன்றைக் குறிக்கும் 64 என்ற இலக்கத்தைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டது. துவாரம் சிறுத்தால் அண்மையிலுள்ளதும் சேய்மையிலுள்ளதும் ஒருங்கே துலங்கும். சிக்கலின் எல்லா இழைகளையும் கூர்மையாகக் காட்டி, பார்ப்பவனையே வழிதேட விடுவது அவருடைய முறை. மற்றொரு முறை, துவாரத்தை அகலத் திறந்து ஓர் இழையை மாத்திரம் தெளிவாக்கி, ஏனையவற்றை மங்கவிடுவது. இன்று பெரும்பாலோர் கையிலிருக்கும் கைத்தொலைபேசியின் சிறிய வில்லை, நாம் கேட்டாலும் கேளாவிட்டாலும், பெரும்பாலும் முதலாவது முறையையே பின்பற்றும். ஆகவே தொலைபேசியாற் படமெடுப்போர் பின்னணியை வெறுமையாக்க வேண்டும். நீர்ப்பரப்போ, வானமோ, வெறும் மணலோ பின்னால் இருக்கும்படி நிற்குமிடத்தை மாற்றிக்கொண்டாற் பாதி வேலை முடிந்துவிடும்.

துவாரத்தைப் பற்றிய இந்த ஆராய்ச்சிக்கு முன்னரே விடைகாண வேண்டிய வினா ஒன்று இருக்கிறது. எதிரே கிடக்கும் இந்தச் சிக்கல் எதனால் உண்டானது? வளர்ச்சியாலா, உழைப்பாலா, அழிவாலா? மூன்றும் கமராவின் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். படம்பிடிப்பவனும் அப்படியே பார்த்துவிட்டால், அவன் கொண்டுவரும் படம் அழகாயிருக்கலாம், உண்மையாயிருக்காது.

வளர்ச்சிக்குக் கண்டற்காட்டைப் பாருங்கள். கண்டல் மரம் தன் தண்டிலிருந்தே வில்போல வளைந்த வேர்களை நீருக்குள் இறக்கிக் கால் பல கொண்டு நிற்கிறது. அதன் அயலில் வளரும் கண்ணா மரத்தின் முறை வேறு. அதன் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து விரல்களைப்போல நிமிர்ந்து, காற்றுக் குறைந்த சேற்றுக்குள் இருக்கும் வேர்களுக்குக் காற்றை ஊட்டுகின்றன. எங்கும் ஒரே பின்னல் என்று தோன்றும் காட்டில், ஒன்று மேலிருந்து கீழே வருகிறது, மற்றொன்று கீழிருந்து மேலே எழுகிறது. இந்த ஒரு செய்தியைப் படம் சொல்லிவிட்டாற் சிக்கல் தானே அவிழ்ந்துவிடும். உச்சி வெயிலிற் போகாதீர்கள். ஒவ்வொரு வேரின் நிழலும் இன்னொரு வேராகிச் சிக்கலை இரட்டிப்பாக்கும். மப்புமூடிய நாளே கண்டற்காட்டுக்கு நல்ல நாள். எமது கரைகளிற் கடலின் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றரைக்கூட எட்டுவதில்லை. ஆயினும் வற்று நேரத்தில், வேர்களில் நீர் நின்ற கோடு கறையாகத் தெரியும். அந்தக் கோடு படத்துக்கு ஓர் ஒழுங்கைத் தந்துவிடும். இடையே தில்லை மரம் நின்றால் விலகி நடவுங்கள். அதன் பால் கண்ணிற் பட்டாற் படமெடுப்பதை மாத்திரமன்றிப் பார்ப்பதையும் சிலகாலம் மறக்க நேரும். இந்த வேர்ப்பின்னல் வண்டலைத் தேக்கிக் கரையைக் காக்கிறது. இறாலுக்கும் மீன்குஞ்சுக்கும் தொட்டிலாகிறது. சேற்றில் முழங்காலூன்றிக் காத்திருப்பவருக்கு வேர்களுக்கிடையே அந்தக் குஞ்சுகளும் அகப்படும்.

நிலாவெளிப் பக்கத்து மணலுக்கு வந்தால், அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் பின்னிக் கிடப்பதைக் காணலாம். இராவணன் வெட்டு என்று மலைப்பிளவொன்றைக் காட்டும் ஊரில், அவனுடைய மீசையும் மணலில் உருள்வது பொருத்தந்தான்! முட்கோளமான அந்தப் புற்கதிர் காற்றில் உருண்டோடும்போது கமராவின் வேகத்தைச் சற்றுக் குறைத்தால், ஓட்டமும் படத்தில் விழும். அடம்பனோ ஓடுவதில்லை, கணுவுக்குக் கணு வேரூன்றி மணலைப் பிடித்துக்கொள்கிறது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நம்மவர் சொல்வதைப் பலரும் மேடையிற் கேட்டிருப்பர். திரண்ட கொடியைத் தரையோடு தரையாகப் படுத்துப் பார்த்தவர் சிலரே. மேலிருந்து எடுத்தால் அது பச்சைப் பாய். காலை வெயில் பக்கவாட்டில் விழத் தரைமட்டத்திலிருந்து எடுத்தால் ஒவ்வொரு கொடியும் வடக்கயிறு.

இனி உழைப்பின் சிக்கலுக்கு வருவோம். எனக்கு மிகவும் விருப்பமானது இதுவே.

வாடைக் காற்று அடங்கிக் கடல் அமைதியுறும் மாதங்களில் இக்கரையிற் கரைவலை இழுப்பார்கள். கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டுத் தோணி வளைந்துபோய் வலையைக் கடலில் இறக்கி, மறுதலைப்பைக் கரைக்குக் கொண்டுவரும். பின்னர் இரு கூட்டத்தினர் இரு பக்கமும் நின்று, அம்பாப் பாட்டோடு இழுக்க, மீன் நிறைந்த மடி மெல்ல மெல்லக் கரையேறும். படமெடுப்போர் யாவரும் அந்த மடியையே சூழ்ந்துகொள்வர். அது தவறன்று. ஆனால் வலையின் மெய்யான அழகு, இழுப்பதற்கு முன்னே, வாடியின் ஓரத்தில் அது குவிந்து கிடக்கும்போதுதான் இருக்கிறது. பார்ப்பவருக்கு அது பெருஞ் சிக்கல். உண்மையில் அதிற் சிக்கலே கிடையாது. மிதவை கோத்த கயிறு ஒருபுறமும், ஈயம் கோத்த கயிறு மறுபுறமுமாக, தோணியிலிருந்து தடையின்றிக் கழன்றோடும்படி மடிப்புமேல் மடிப்பாக அடுக்கப்பட்ட ஒழுங்கு அது. படத்துக்கு அழகாயிருக்குமென்று ஒரு முனையைச் சற்று இழுத்துவிடும் படப்பிடிப்பாளர்களைக் கண்டிருக்கிறேன். அவர்கள் இழுத்துவிடுவது பலருடைய ஒருநாட் பிழைப்பை. வலையைத் தொடாமல், வலைக்குரியவரைக் கேளாமல் கமராவை உயர்த்துவது நம் பண்புக்கும் ஒவ்வாது. சம்மாட்டியாரிடம், “ஐயா, ஒரு படம் எடுக்கலாமோ?” என்று கேட்பதனால் யாருடைய ஒளியும் மங்கிவிடாது. கேட்டவருக்கு, மிதவைப் பக்கம் எது, ஈயப் பக்கம் எது என்று அவரே காட்டியும் தருவார். காட்டியபின் எடுக்கும் படம் வேறாயிருக்கும்.

வலை பொத்துவோரையும் பாருங்கள். காற்பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து, கையில் ஊசியும் நூலுமாக இருப்பார்கள். விரலுக்கும் ஊசிக்கும் இடையே நிமிர்ந்து நிற்கும் ஒரு நூல் உண்டு. அதனைத் தெளிவாக்கி ஏனையவற்றை மங்கவிடுங்கள்.

மூன்றாவது வகையைப் பற்றிப் பேசுவது இலகுவன்று. முன்னாளிற் பருத்தி நூலாலும் சணலாலும் வலை பின்னினர். அவை கடலில் தவறினாற் சிலகாலத்தில் உக்கிப்போகும். கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டி நைலோன் வந்தது; உழைப்பைக் குறைத்தது, பிடியைக் கூட்டியது. அது உக்குவதில்லை. அறுந்துபோன நைலோன் வலை, ஆளின்றியே மீன்பிடித்துக்கொண்டு கடலில் அலைகிறது. நீருக்குள் கண்ணுக்கே தெரியாத தங்கூசி வலை இலங்கையில் 2006ஆம் ஆண்டு தடைசெய்யப்பட்டது. எனினும் கடலடியிற் கிடப்பதற்குச் சட்டம் தெரியாதன்றோ! எமது கடல்களில் இவ்வாறு அலையும் வலைகளில் அதிகமாக அகப்படுவது பங்குனி ஆமை. நீந்த நீந்தச் சிக்கல் இறுகும்.

நிலாவெளிக்கு எதிரே, கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தொலைவில் உள்ள புறாத்தீவு 1963இற் சரணாலயமாகவும் 2003இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டது. அங்கே மான்கொம்புப் பவளம் கிளைத்திருக்கும் அழகை, பிரெட்றிக் கோட்டைக்குள் உலாவும் புள்ளிமான்களைப் பார்த்தவர்கள் எளிதில் ஊகித்துக்கொள்ளலாம். அந்தக் கொம்புகளுக்கு இடையே ஒரு வலைத்துண்டு மாட்டிக்கொண்டால், பவளத்தின் பின்னலும் வலையின் பின்னலும் ஒன்றாகி, வளர்வது எது, கொல்வது எது என்று பிரித்தறிய முடியாதிருக்கும். நீருக்குள் ஐந்து மீற்றர் ஆழத்திலேயே சிவப்பு நிறம் பெரும்பாலும் மறைந்துவிடுவதால் எல்லாம் நீலமாகவே தோன்றும். மின்னொளி ஒன்றைப் பாய்ச்சினால் மாத்திரமே பவளம் தன் நிறத்தில் உயிர்த்தெழும். நைலோன் தன் நிறத்தில் அந்நியமாக நிற்கும். அப்போதுதான் படம் உண்மையைச் சொல்கிறது. இக்கடலில் நீருக்கடியிற் படமெடுப்பதற்கு நீண்ட வரலாறு உண்டு. ஆதர் சி. கிளார்க்கும் படப்பிடிப்பாளரான மைக் வில்சனும் 1956இற் சுவாமிமலையின் அடிவாரத்தில் மூழ்கி, பறங்கியர் இடித்த கோணேசர் கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் கடலடியிற் கிடப்பதைக் கண்டனர். சிதறிய கற்குவியலில் மனிதர் செதுக்கிய கோட்டைத் தேடியறிவதும், நான் சொல்லிவரும் அதே வித்தைதான்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை வந்தபோது, மூதூரிலும் கிண்ணியாவிலும் வலைகளும் தோணிகளும் வேலிகளும் கூரைகளும் ஒன்றாய்ச் சுருண்டு கிடந்தன. அக்காலத்தில் உலகெங்குமிருந்து கமராக்கள் கீழ்க்கரைக்கு வந்தன. எடுத்த படங்களுள் உதவியைக் கொண்டுவந்தவை பல, அதை மறுக்கக்கூடாது. வேறு சில, நிறமும் கோடும் நன்றாக அமைந்தன என்பதற்காகவே எடுக்கப்பட்டவை. நீல வலை, சிவந்த சேலை, முறிந்த பலகை, ஓவியம்போலவே இருக்கும். அந்தச் சேலைக்கு உரியவள் யார் என்ற வினா படத்தில் எங்கும் இராது. நான் அத்தகைய படங்களை நீண்ட நேரம் பார்ப்பதில்லை.

சுவாமிமலை உச்சியில், கோயிலுக்கு அண்மையில், பாறையின் விளிம்பை ஒட்டிய மரத்திற் பிள்ளைப்பேறு வேண்டுவோர் சிறு தொட்டில்களையும் துணித்துண்டுகளையும் கட்டிவைப்பது வழக்கம். ஒன்றின்மேலொன்றாகக் கட்டியவை வெயிலிலும் மழையிலும் நிறம் மங்கி, எது யாருடையதென்று அறியமுடியாதபடி முறுகிப்போயிருக்கின்றன. காலையிற் சூரியன் கடலிலிருந்து எழும்போது ஒளிக்கு எதிர்முகமாக நின்றால், துணிகள் ஊடொளி பெற்று முடிச்சுக்கள் மாத்திரம் கருமையாகத் தெரியும். அதற்குமேல் யாதொரு வித்தையும் வேண்டியதில்லை. கட்டவந்தவர்கள் இருந்தால், அவர்கள் கட்டி முடித்து இறங்கிப்போகும்வரை கமராவைப் பைக்குள் வைத்திருங்கள். மலைக்கு ஏறும் வழி, படையினர் இருக்கும் கோட்டைக்குள்ளாகச் செல்கிறது என்பதையும் படமெடுப்போர் மறத்தலாகாது.

இன்னுமொன்று. வலையைப் படமெடுத்தால், அதைத் தொலைபேசியிற் காட்டிவிட்டு வந்துவிடாமல், கடதாசியில் அச்சிட்டு ஒரு பிரதியை அந்த வாடியிற் கொண்டுபோய்க் கொடுங்கள். வலைக்காரர் ஒளியையும் நிழலையும் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார். படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, ஒரு மூலையில் விரலை வைத்து, “இந்தக் கண்ணி அண்டைக்கே அறுந்துதான் கிடந்திருக்கு” என்பார்.